கரடியின் பச்சைக் கூடை

ஒரு காட்டுக் குளத்தில், தாமரை இலை ஒன்றின் மேல், ஓர் இலைக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இலைக்கோழிக் குலத்தில் முட்டை இடுவதோடு அம்மாவின் வேலை முடிந்தது. அடைகாப்பதெல்லாம் அப்பாதான்! இதுவும் ஓர் அப்பா. நான்கு முட்டைகளின் மேலும் உயிரையே வைத்திருந்தது.

கரையில் கரடி தேன்கடை நடத்தியது. தேன் என்றால் அப்படிப்பட்ட மலைத்தேன்! காடே அங்கேதான் கூடும். தாமரை இலையில் தேன் ஊற்றித் தருவது அந்தக் கடையின் வழக்கம். நக்கி முடித்ததும் இலையை வீசிவிட்டுப் போவார்கள். குளத்தில் இலைகள் குறைய ஆரம்பித்தன. இலைக்கோழி கரையைப் பார்த்துக் கத்தியது.

"கரடி அண்ணே! இப்படிப் பறிச்சா என் குஞ்சுங்க எங்கே நிக்கும்? தண்ணி மேலயா?"

கரடி கெட்ட மனசுக்காரன் இல்லை. "கவலைப்படாதே தம்பி!" என்றது. மறுநாளே கடை வாசலில் பெரிய மூங்கில் கூடை ஒன்று வந்து உட்கார்ந்தது. அதற்கு இலைச்சாறு பூசிப் பச்சையாக்கி, கூவுவதற்கு ஒரு கிளியையும் நிறுத்திவிட்டது கரடி.

"வாங்க, வாங்க! நக்கின இலையைக் கூடையில போடுங்க! பழைய இலை புது இலையாகும்! காட்டைக் காக்கும் கடை, நம்ம கடை!"

அடேயப்பா, என்ன கூட்டம்! "புதுசாகுமாமே!" என்று குரங்கு இரண்டு இலை கேட்டது. ஒன்று தேனுக்கு, இன்னொன்று விசிறிக்கொள்ள! முயல் ஒருபடி மேலே போனது. தேன் படாத இலைகளையும் கூடையில் திணித்து, "நிறையப் போட்டா நிறைய முளைக்கும்!" என்று நெஞ்சை நிமிர்த்தியது. இலைக்கோழியும் நம்பியது, பாவம். "இனி பயமில்லை கண்ணுங்களா!" என்று முட்டைகளிடம் சொன்னது.

ஆனால் இலைகள் முன்னைவிட வேகமாகக் காணாமல் போயின. ஒருநாள் காலையில் குளம் முழுக்க வெறும் தண்ணீர். மிஞ்சியது ஒரே இலை. அதன் மேல் இலைக்கோழி!

அன்று பார்த்துக் கடையில் திருவிழாக் கூட்டம். "இலை எங்கே? இலை எங்கே?" கரடி தடதடவென்று குளத்தில் இறங்கிக் கையை நீட்டியது.

"தொடாதீங்க அண்ணே!" இலைக்கோழி சிறகை விரித்துக் கத்தியது. இலை ஆடியது. ஒரு முட்டை விளிம்புக்கு உருண்டது. அதைக் காலால் அணைத்து நிறுத்திக்கொண்டு சொன்னது: "உங்க கூடைதான் நிரம்பி வழியுதே! அதிலிருந்து ஒரே ஒரு புது இலை எடுத்துக் காட்டுங்க. என் இலையையும் தந்துடறேன்!"

"இவ்வளவுதானா!" கரடி ஓடிப்போய்க் கூடையைக் கவிழ்த்தது. கொட்டியது அழுகிய கறுப்புச் சகதி. குப்பென்று நாற்றம்!

"ஏ கிளி, இதை யாரு புதுசாக்குறது?" என்றது கரடி.

"எனக்கென்ன தெரியும்? கூவச் சொன்னீங்க, கூவினேன்!"

"நான் போட்டதோட சரி!" என்றது முயல்.

கரடி திருதிருவென்று விழித்தது. "யாராச்சும் செய்வாங்கன்னு நெனச்சேனே!"

"மக்கினா எருவாகும் அண்ணே, இலையாகாது! இலை கிழங்கிலதான் முளைக்கும். அதை முளைக்க விடணும்!" என்ற இலைக்கோழியின் கண், விளாம்பழம் தின்றுகொண்டிருந்த குரங்கின் மேல் விழுந்தது. "ஏய், அந்த ஓடு வீசறதுக்கு இல்ல! அதிலேயே தேன் வாங்கு! கழுவி வச்சு நாளைக்கும் அதையே கொண்டு வா!"

"இலை இல்லேன்னா என் கடை படுத்துடுமே!" என்று கரடி பதறியது.

"தினமும் கழுத்தளவு தண்ணியில இலை பறிக்கிறீங்களே, அந்த நேரத்துல இன்னும் நாலு கூடு தேன் எடுக்கலாமே!"

கரடி வாயைப் பிளந்தது. "அட, ஆமாம்ல!"

அன்றே எல்லோரும் விளாமரத்தடிக்கு ஓட்டம் பிடித்தார்கள். ஆளுக்கொரு ஓடு! தேன் வியாபாரமும் கூடியது. குளத்தில் இளம் இலைகள் தலைநீட்டின. கொஞ்ச நாளில் அந்த இலைகள் மேல் நான்கு குஞ்சுகள் தத்தித் தத்தி ஓடின. பின்னாலேயே அப்பா!

வீசியதை யாரோ புதிதாக்குவார்கள் என்று நம்பி அள்ளிக் குவிப்பதைவிட, வீசாமல் இருப்பதே மேல்.