எருமைக்கல்லின் உயரம்

சவரியம்மாளிடம் வேலை கற்க வந்தவர்களில் தலை நரைத்தவன் சொரிமுத்து ஒருவன்தான். அவனுக்கு ஐம்பத்தாறு. அவளுக்கு நாற்பது.

மலையடிவாரத்தில், செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் அவளுடைய ஒர்க்‌ஷாப். மலை ஏறுகிற ஜீப்புகள் எல்லாம் அவள் கைபட்டவை. டிரைவர்கள் அவளை மேஸ்திரி என்பார்கள். அவள் யாரையும் உட்காரச் சொன்னதில்லை. நின்றபடி பேசினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

சொரிமுத்து தன் ஜீப்பை முற்றத்தில் நிறுத்திவிட்டு இறங்கினான். மேலே தேன்பொத்தை என்கிற ஊருக்கு இருக்கிற ஒரே வண்டி அது. முப்பது வருஷமாக அவன்தான் ஓட்டுகிறான்.

"மேஸ்திரி, வண்டியோட அடிவயிறு இனி எந்தக் கல்லுலயும் இடிக்கக் கூடாது. தூக்கணும். என்ன செய்யணும்?"

"கையில எம்புட்டு இருக்கு?"

"ஏழாயிரம்."

"டயருக்கே காணாது."

"அதான் மேஸ்திரி, இங்கயே கெடந்து வேல பாக்கேன். கத்துக்குடுங்க. நானே செஞ்சுக்கிடுதேன்."

"அதுவரைக்கும் ஊர்க்காரங்க?"

"நடப்பாவ."

சவரியம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு முன் நடந்தது அடிவாரம் முழுக்கத் தெரியும். பிரசவ வலியில் துடித்த பகவதியை ஏற்றிக்கொண்டு இந்த ஜீப் மலை இறங்கியது. பாதை நடுவில் கிடக்கிற எருமைக்கல்லில் அடி மோதியது. எஞ்சினுக்குக் கீழே தொங்கும் ஆயில் சம்ப் உடைந்து, எண்ணெய் முழுவதும் மழைத் தண்ணீரோடு போயிற்று. அங்கிருந்து அவளைப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தார்கள். செக்போஸ்ட்டை எட்டும்போது உயிர் இல்லை. பிள்ளையும் இல்லை.

சவரியம்மாள் கல்லைப் பற்றித்தான் கேட்டாள்.

"கல்லு எம்புட்டு உயரம்?"

சொரிமுத்து இடுப்புக்குக் கொஞ்சம் கீழே கையைக் காட்டினான்.

"உம்ம பயத்த அளக்கச் சொல்லலவே. கல்ல அளந்துட்டு வாரும். அதே உயரத்துக்கு ஒரு கம்பு வெட்டிக் கொண்டாரும்."

அவன் மலை ஏறினான். மறுநாள் கம்போடு திரும்பி வந்தான். அது அவன் முழங்கால்வரைகூட எட்டவில்லை.

சவரியம்மாள் அதை வாங்கிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் படுத்தாள். ஆயில் சம்ப்புக்கு நேரே கம்பை நிறுத்திப் பார்த்தாள்.

"குனிஞ்சு பாக்கீரா?"

"எதுக்கு மேஸ்திரி? இடிக்கும்னுதான் தெரியுமே."

அவள் எழுந்து முதுகு மண்ணைத் தட்டினாள். கம்பைச் சுவரோரம் சாத்தினாள்.

"சரி. ஸ்பேனர எடும்."

வேலை தொடங்கியது.

காயலான் கடையில், சக்கரத்துக்கு மேல் வண்டியைத் தாங்குகிற பழைய வில்லுப்பட்டைகளைப் பொறுக்கி, சக்கரத்துக்கு இரண்டு வீதம் கூடுதலாகச் சேர்த்தான் சொரிமுத்து. வண்டி மூன்று விரல் எழுந்தது. அவன் வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"செக்போஸ்ட் வரைக்கும் ஓட்டிட்டு வாரும்," என்றாள்.

போய்விட்டு வந்தான். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கினான்.

"என்னவே?"

"எலும்பெல்லாம் கழண்டு போச்சு மேஸ்திரி."

"கல்லு செய்ய வேண்டிய வேலைய இனி பட்டையே செஞ்சிரும். சக்கரத்துக்கு ஒண்ணக் கழத்தும்."

கழற்றினான். மூன்று விரல் ஒன்றரை விரலாயிற்று.

அடுத்தது டயர். ஒரு எஸ்டேட்டில் ஒதுக்கிப்போட்ட பெரிய டயர்கள் கிடைத்தன. ஏழாயிரமும் அதில் போயிற்று. போதாததற்குப் பன்னிரண்டு நாள் அடுத்தவன் வண்டிகளுக்கு கிரீஸ் அடித்தான். வண்டி இன்னும் இரண்டு விரல் எழுந்தது. ஆனால் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசியது. மட்கார்டை உளியால் வெட்டினான். கீழே தொங்கிய சைலன்சர் குழாயை அறுத்து, சட்டத்தோடு ஒட்டினாற்போல மேலே ஏற்றினான்.

கடைசியில் ஒரு லாரித் தகட்டை வெட்டி, ஆயில் சம்ப்புக்குக் கீழே கவசம் மாதிரி பொருத்தினான்.

"இனிமே கல்லு ஜெயிக்காது மேஸ்திரி."

"தகடு தொங்குறது எம்புட்டு?"

"அரை விரல்."

"அப்ப அரை விரலக் கல்லுக்கே திருப்பிக் குடுத்துட்டீரு."

தினமும் காலையில் தேன்பொத்தைக்காரர்கள் தலைச்சுமையோடு ஒர்க்‌ஷாப் வாசலைத் தாண்டிச் சந்தைக்கு நடந்துபோவார்கள். சாயங்காலம் திரும்புவார்கள். யாரும் உள்ளே எட்டிப் பார்க்கமாட்டார்கள். அந்த இரண்டு நேரமும் சொரிமுத்து வண்டிக்கு அடியில்தான் கிடப்பான்.

நாற்பதாவது நாள் அவனே கம்பை எடுத்து அடியில் நிறுத்தினான். விரல்களை அடுக்கிப் பார்த்தான். கம்புக்கு மேலே ஐந்து விரல் இடைவெளி. மண்ணில் உருண்டு வெளியே வந்தான். கண் கலங்கியிருந்தது.

"மேஸ்திரி, அஞ்சு விரல்! இனி யாரும் எறங்க வேண்டாம்!"

சவரியம்மாள் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"யாரு எறங்க வேண்டாம்?"

அவன் கம்பைத் துடைக்க ஆரம்பித்தான்.

அவள் வாசலுக்குப் போனாள். சந்தை முடிந்து தேன்பொத்தைக்காரர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், எல்லாரும் இங்க வாங்க. வண்டில ஏறுங்க."

"எங்க மேஸ்திரி, ஊருக்கா?" என்றாள் முன்னால் வந்த தாயம்மாள்.

"எங்கயும் இல்ல. சும்மா ஏறி உக்காருங்க."

"கறிக்கடையில மாதிரி எட போடப் போறியாக்கும்? நாப்பது நாளா நடந்து உடம்புல கறி எங்க இருக்கு?"

சிரித்துக்கொண்டே ஏறினார்கள். மூட்டைகளையும் ஏற்றினார்கள். கடைசியாக ஏறியவன் மாசானம், பகவதியின் புருஷன். அவன் சிரிக்கவில்லை. ஓரமாக உட்கார்ந்தான். மொத்தம் பதினாலு பேர். ஜீப் முனகிக்கொண்டு அமுங்கியது.

"கம்ப வையும்."

சொரிமுத்து அடியில் படுத்தான். கம்பை நிமிர்த்தப் பார்த்தான். தலைப்பக்கம் தகட்டில் இடித்தது. சற்று நகர்த்திப் பார்த்தான். அங்கேயும் இடித்தது. முட்டுக்கொடுத்த மாதிரி தகட்டுக்கும் தரைக்கும் நடுவே சாய்வாக இறுகிக்கொண்டது.

"இன்னும் ஒரு விரல், மேஸ்திரி. இன்னும் ஒரே ஒரு விரல் தூக்கிட்டா..."

"தூக்கலாம். அடுத்த மாசம் பதினாறு பேரு ஏறுவாவ. வெளிய வாரும்."

வந்தான்.

"எருமைக்கல்லு வந்தா உங்க வழக்கம் என்ன?"

"எல்லாரும் எறங்கி நடப்பாவ. காலி வண்டி தாண்டும். அந்தப் பக்கம் போய் ஏறிக்கிடுவாவ."

"எத்தன வருஷமா?"

"நான் ஓட்டுற நாள்லருந்து."

"அன்னைக்கு?"

சொரிமுத்து மாசானத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அதுக்கு ஒரு வாரம் முந்தி இவன் கேலி பண்ணுனான். முப்பது வருஷம் ஓட்டியும் இந்தக் கல்லுக்கு இன்னும் பயந்துக்கிட்டு எங்கள எறக்கி விடுதியே மாமான்னான். எல்லாரும் சிரிச்சாவ. நானுந்தான் சிரிச்சேன்."

"பெறகு?"

"அன்னைக்கு நல்ல மழை. அவள மட்டும் வண்டில வெச்சுக்கிட்டு மத்தவங்கள எறக்கியிருக்கலாம். கல்லுகிட்ட வந்ததும் இவனே ஒரு காலக் கீழ வெச்சுட்டான். எறங்கணுமா மாமான்னு கேட்டான்."

"நீரு என்ன சொன்னீரு?"

சொரிமுத்து கையிலிருந்த கந்தல் துணியை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"உக்காருன்னேன்."

மாசானம் இறங்கினான். தன் மூட்டையை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றான். அப்புறம் தாயம்மாள் இறங்கினாள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஆள் இறங்க இறங்க வண்டி எழுந்தது. கடைசி மூட்டையும் இறங்கியபோது, அடியில் இறுகி நின்ற கம்பு விடுபட்டுத் தரையில் விழுந்தது.

சவரியம்மாள் அதை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"மொத நாளு நீரு குனியல. பட்ட சேக்காம, டயரு மாத்தாம, காலி வண்டிக்கு அன்னைக்கே ரெண்டு விரல் மிச்சம் இருந்துச்சு."

"தெரியும் மேஸ்திரி."

"தெரியுமா?"

"கம்ப வெட்டும்போதே தெரியும்."

"பின்ன எதுக்குவே நாப்பது நாளு?"

அவன் கம்பை வாங்கிச் சுவரோரம் சாத்தினான்.

"அதுக்குப் பெறகு, சம்ப மாத்தி ஓட்டும்போது, கல்லுகிட்ட நான் வண்டிய நிறுத்துறதுக்கு முந்தியே எல்லாரும் எறங்கிருதாவ. ஒருத்தரும் ஒரு வார்த்த பேச மாட்டாவ. திட்டுனாக்கூடப் பரவால்ல. சத்தமில்லாம எறங்கி, சத்தமில்லாம நடக்காவ. என்னால அதப் பாக்க முடியல மேஸ்திரி. வண்டியத் தூக்கிட்டா யாரும் எறங்க வேண்டாமேன்னு..."

சவரியம்மாள் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தாள்.

"பொழுது சாயுது. இவியள ஏத்திக்கிட்டுக் கெளம்பும். கல்லுக்கு முந்துன வளைவுலயே சொல்லிரும், எறங்குங்கன்னு."

"அவியளே எறங்கிருவாவ."

"அதுக்கு முந்திச் சொல்லும்."

சொரிமுத்து திரும்பிப் பார்த்தான். மாசானம் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மலையையே பார்த்து நின்றான்.

"நான் இப்பம் சொன்னா அவ வந்திருவாளா மேஸ்திரி?"

சவரியம்மாள் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"வர மாட்டா," என்றாள். "சொல்லும்."