மாராயி திரிச்ச வடம்

போர்வைய இழுத்துக்கோ. கால உள்ள வை. "ம்" சொல்லிட்டே வரணும், நீ "ம்" சொல்லலேன்னா கதை நின்னுரும். சரியா?

ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர்ல, மாராயின்னு ஒருத்தி இருந்தா. கயிறு திரிக்கிறது அவ பொழப்பு. மாட்டுக்குக் கயிறு, கிணத்துக்குக் கயிறு, தொட்டிலுக்குக் கயிறு, எது வேணும்னாலும் மாராயிகிட்டதான் வரணும். மலையடிவாரத்துல கத்தாழை புதர் புதராக் கெடக்கும். அதை வெட்டிட்டு வந்து, தண்ணியில ஊறப்போட்டு, கட்டையால தொப்பு தொப்புன்னு அடிச்சு, நாரை உரிச்சுக் காயப்போடுவா. பட்டு மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கும்.

அவளுக்குக் கூடப் பொறந்தவ ஒருத்திதான், தங்கச்சி பூவாயி. ஆத்துக்கு அந்தப் பக்கம் கட்டிக் குடுத்திருந்தாங்க. ரெண்டு கரைக்கும் நடுவுல ஒரு தொங்குபாலம். பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு பெரிய வடம், அதுக்குக் குறுக்க மூங்கில் பத்தை. நடந்தா கிறீச் கிறீச்சுன்னு ஆடும்.

ம்?

அந்த வருஷம் பாலத்துல ஒரு வடம் நைஞ்சு போச்சு, யாரும் அதுல கால வைக்கல. அப்போ ஊர்க்காரங்க எல்லாம் வந்து, "மாராயி, ஆடி மழைக்குள்ள புது வடம் ஒண்ணு திரிச்சுக் குடுத்துரு"ன்னாங்க. அப்போ சித்திரை மாசம். மூணு மாசம் முழுசா இருக்கு. நாரும் மூட்டை மூட்டையாக் கொண்டாந்து போட்டாங்க.

அன்னிக்குச் சாயங்காலமே பூவாயி அக்கரையில வந்து நின்னா. அவளுக்கு வயித்துல புள்ள. வெயில் காலத்துல ஆத்துல தண்ணி முழங்காலுக்குக் கீழதான், ஆனா பாறையெல்லாம் வழுக்கும். வயித்தோட எறங்க பயந்துக்கிட்டு, அங்கிருந்தே கையக் குவிச்சுக் கத்தினா. "அக்கோவ்! மருத்துவச்சி உன் பக்கம்ல இருக்காங்க! நான் அங்க வந்துரட்டா?"

"நீ எதுக்குடி வரணும்? வடம் போட்டுருவேன், அவங்களே பாலத்துல நடந்து வருவாங்க!"ன்னா மாராயி.

"அப்ப சரிக்கா!"ன்னு அவளும் போயிட்டா. அக்கா சொன்னா சொன்னதுதான்னு அவளுக்கு நெனப்பு.

அப்புறம் மறுநாள் காலையில மாராயி எந்திரிச்சா. நாரு மூட்டையப் பாத்தா. "முதல்ல வாசலக் கூட்டிட்டு உக்காருவோம்"னு கூட்டினா. சரக்கு சரக்கு. கூட்டி முடிச்சா, "அரிவாளு மொண்ணையா இருக்கே"ன்னு தீட்டினா. தீட்டி முடிச்சா, "அடுப்பு மெழுகி எத்தனை நாளாச்சு"ன்னு மெழுகினா. பொழுது சாஞ்சிருச்சு. "நாளைக்கு வெடிஞ்சதும் மொத வேலை வடம்தான்"னு படுத்துட்டா.

மறுநாளும் அதே மாதிரி. அதுக்கு மறுநாளும் அப்படியே. அவ சோம்பேறின்னு நெனச்சுக்காத. ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டா. அந்த ஒரு வேலையைத் தவிர எல்லா வேலையும் செய்வா. ஊர்லயே சுத்தமான வீடு அவ வீடுதான்னா பாத்துக்கோ.

ஏன் அப்படி? அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி அவ திரிச்ச கிணத்துக் கயிறு ஒண்ணு பட்டுனு அறுந்துச்சு. தூர் வாரிக்கிட்டிருந்த ஒரு ஆளு உள்ள விழுந்து கால் ஒடிஞ்சு போச்சு. கட்டு கட்டி, ஆறு மாசத்துல நடந்துட்டாரு. "கயிறுன்னா அறுந்துதான் போகும் தாயி"ன்னு அவரே சொல்லிட்டாரு. ஆனா அந்தப் பட்டுங்கிற சத்தம் மட்டும் அவ காதை விட்டுப் போகல. சின்னக் கயிறுன்னா திரிச்சுருவா. ஊரே நடக்குற வடம்னதும் கை பின்னாடி போயிரும்.

ம்? தூங்கிட்டியா? இல்லையா, சரி.

வாரத்துக்கு ஒரு தடவை பூவாயி அக்கரையில வந்து நிப்பா. வயிறு பெருசாயிட்டே வந்துச்சு. "அக்கோவ், வடம் ஆச்சா?"

"ஆயிட்டே இருக்குடி!"

ஒரு முழம்கூட ஆகல. அதைச் சொல்லிட்டு வீட்டுக்கு வந்தா அவளுக்குச் சோறு எறங்காது.

அப்புறம் ஆடி வந்துச்சு. மலை மேல மேகம் கருகருன்னு எறங்குச்சு. ஒரு நாள் காலையில ஊவ்வ்வ்னு காத்து. அப்போ ஆத்துப் பக்கம் ஒரு சத்தம், படார்! எல்லாரும் ஓடினாங்க. நைஞ்ச வடம் அறுந்து, பாலம் ஒரு பக்கமா ஒருக்களிச்சுத் தொங்குது. கீழ தண்ணி செவசெவன்னு பொங்கி வருது. தாண்டிப் போற பாறையெல்லாம் முழுகிப் போச்சு.

மருத்துவச்சி கருப்பாத்தா அங்க நின்னுக்கிட்டிருந்தாங்க. "போன வாரம்தான் பாறை தாண்டிப் போயி பூவாயியப் பாத்தேன். அமாவாசைக்குள்ள பொறந்துரும். புள்ள குறுக்க கெடக்கு, கை வச்சுத் திருப்பித்தான் எடுக்கணும். நான் இல்லாம ஆகாது. வடம் எங்க மாராயி?"ன்னாங்க.

அமாவாசைக்கு இன்னும் நாலே நாளு.

மாராயி வீட்டுக்கு ஓடி வந்தா. நாரு மூட்டைக்கு முன்னாடி உக்காந்தா. ஆத்தோட அகலம் அறுபது முழம். மரத்துல சுத்திக் கட்டணும், முறுக்கினா சுருங்கும், அதனால நூறு முழம் வேணும். மூணு பிரி சேத்து முறுக்கினாத்தான் ஒரு வடம், பிரிக்கு நூறு முழம். மூணு நூறு! அழுகை அழுகையா வந்துச்சு.

அப்போ பின்னாடி, மேஏஏ! அவ வளக்குற ஆடு. காத்துக்கு மிரண்டு கயித்த அறுத்துக்கிட்டு வந்து, காயப்போட்ட நாரை மென்னுக்கிட்டிருக்கு. "அடச்சீ!"ன்னு எந்திரிச்சா. ஆட்டைக் கட்டணுமே. ரெண்டு கை நாரு எடுத்து, கால் கட்டைவிரல்ல மாட்டி, உள்ளங்கையால தொடையில சர்ரு சர்ருன்னு உருட்டினா. ஆட்டுக் கயிறுதானே, பயமே இல்ல. ஒரு முழம் ஆச்சு. பாத்தா, அழகான பிரி. ஒரு பிசிறு இல்ல.

அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அப்புறம், "ஆட்டுக்கு இன்னும் ஒரு முழம்"னு வாய்விட்டுச் சொல்லிட்டு இன்னொரு முழம் உருட்டினா. அப்புறம் இன்னொரு முழம். வடம்னு நெனைக்கல. பாலம்னு நெனைக்கல. கையில இருக்குற அந்த ஒரு முழம், அவ்வளவுதான். ஆட்டைத் தொழுவத்துல தள்ளிக் கதவைச் சாத்திட்டு வந்து, தெருவுக்கு முதுகைக் காட்டி உக்காந்துட்டா.

ம்.

மொத நாளு, நாப்பது முழம் ஆகியிருக்கும். தெருவுல டும்டும் டக்கா, டும்டும் டக்கா! பக்கத்து வீட்டு ரங்காயி எட்டிப் பாத்து, "மாராயி! குரங்காட்டி வந்திருக்கான்டி! குரங்கு மாமியார் மாதிரி நடக்குது, சீக்கிரம் வா!"ன்னா. மாராயிக்குக் குரங்குன்னா உசுரு. இடுப்பு தன்னால எழுந்துருச்சு. அப்போ கட்டைவிரல்ல மாட்டியிருந்த பிரி நழுவி, விர்ருனு பத்து முழம் பிரிஞ்சு போச்சு! அரை மணி நேரத்து வேலை, அரை நொடியில. மறுபடியும் உக்காந்தா. "நீ பாத்துட்டு வந்து எனக்கு நடந்து காட்டு ரங்காயி"ன்னா. வெளிய சனம் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. அவ காதுல சர்ரு சர்ரு மட்டும்தான். பொழுது எறங்குறதுக்குள்ள மொத பிரி முடிஞ்சுது.

ரெண்டாம் நாளு யாரும் கூப்பிடல. அவ மனசே அவளைக் கூப்பிட்டுச்சு. "அண்டாவுக்குப் புளி போட்டுத் தேய்க்கலையே"ங்குது. "மொளகா காயப்போட்டியே, மழை வந்துட்டா?"ங்குது. "முறம் கிழிஞ்சிருக்கே"ங்குது. ஒவ்வொரு தடவையும் கை தயங்குது. மாராயி என்ன செஞ்சா தெரியுமா? பக்கத்துல கெடந்த கூழாங்கல்ல ஒண்ணு எடுத்துச் சுவரோரமா வச்சா. "அண்டாவே, நீ இங்க இரு. அப்புறம் வர்றேன்"ன்னா. மொளகாக்கு ஒரு கல்லு. முறத்துக்கு ஒரு கல்லு. வச்சதும் மனசு கம்முனு ஆயிரும், கொஞ்ச நேரத்துக்கு. சாயங்காலம் எண்ணிப் பாத்தா பத்தொம்பது கல்லு! அவளுக்கே சிரிப்பு வந்துருச்சு. ரெண்டாவது பிரியும் முடிஞ்சுது.

ம் எங்க? ம்... சரி.

மூணாம் நாளு பிசுபிசுன்னு தூறல். எழுபது முழம் வரைக்கும் வந்துட்டா. திரிச்சதைக் கையால நீவிக்கிட்டே வந்தவ, நாப்பத்தொண்ணாவது முழத்துல நின்னுட்டா. விரலுக்கு அடியில ஒரு மெலிவு. உத்துப் பாத்தா, ஈரத்துல கறுத்துப்போன நாரு கொஞ்சம் உள்ள கலந்திருக்கு. மூணு பிரி சேந்து முறுக்கிட்டா வெளிய தெரியாது. யாருக்கும் தெரியாது.

காதுக்குள்ள அந்தப் பட்டுங்கிற சத்தம். அவ கண்ண மூடிக்கிட்டா. அப்புறம் முப்பது முழத்தையும் பிரிச்சா. கறுத்த நாரை உருவித் தூர எறிஞ்சா. நல்ல நாரை ஒவ்வொண்ணா வெளிச்சத்துல காட்டிப் பாத்து எடுத்து, மறுபடியும் நாப்பத்தொண்ணாவது முழத்துலேருந்து ஆரம்பிச்சா. அன்னிக்கு அவளுக்குச் சோறு தண்ணி கெடையாது. உள்ளங்கை தோலு உரிஞ்சு போச்சு. துணியச் சுத்திக்கிட்டு உருட்டினா. தூறல் வெறிச்சு, மேக்க கொஞ்சம் வெளிச்சம் அடிச்சப்போ, மூணாவது பிரியும் முடிஞ்சுது.

அப்போ ஊரே வந்துச்சு. இந்த முனைய நாலு பேரு புடிச்சாங்க, அந்த முனைய நாலு பேரு. மூணு பிரியும் கிர்ர்ர் கிர்ர்ர்னு ஒண்ணோட ஒண்ணு பின்னி முறுக்கேறி, மாராயி மணிக்கட்டுத் தண்டிக்கு ஒரு வடம் ஆச்சு. மலைப்பாம்பு மாதிரி வாசல் முழுக்கச் சுருண்டு கெடந்துச்சு.

வெடிஞ்சதும் பூவாயி புருஷன் சென்னியப்பன் அக்கரையில வந்து நின்னு கத்தினாரு. "வலி எடுத்துருச்சு!"

எல்லாரும் வடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. ஆறு சோன்னு எரையுது. வடத்து முனையில ஒரு மெல்லிசுக் கயிறு, அந்தக் கயித்துல ஒரு கல்லு. சுத்தி வீசினாங்க. விர்ர்ர், தொபுக்! தண்ணியில. இன்னொரு தடவை. விர்ர்ர், தொபுக்! மூணாவது தடவை, விர்ர்ர், டக்! பாறையில பட்டு அந்தப் பக்கம் விழுந்துச்சு. சென்னியப்பன் பாஞ்சு புடிச்சு இழுத்தாரு. வடம் போயிச் சேந்துச்சு. ரெண்டு கரையிலயும் மருதமரத்துல சுத்திக் கட்டி, மூங்கில் பத்தையெல்லாம் சேத்துக் கட்டினாங்க. பாலம் நிமுந்துச்சு.

கருப்பாத்தா மூட்டையக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்தாங்க. வடத்தைத் தொட்டுப் பாத்தாங்க. "நீ திரிச்சதா?"

"ஆமாங்க."

"அப்ப நீ முன்னாடி நட."

மாராயி கால எடுத்து வச்சா. கிறீச். இன்னொரு காலு. கிறீச். கீழ செவப்புத் தண்ணி மரத்தையெல்லாம் உருட்டிக்கிட்டுப் போகுது. நடு ஆத்துக்கு வந்தப்போ காத்து அடிச்சுப் பாலம் ஒரு தூக்குத் தூக்குச்சு. அவ கை வடத்தை இறுக்கிப் புடிச்சுக்கிச்சு. கைக்குள்ள அது விண்ணுனு நிக்குது. கொஞ்சமும் அசையல. அப்போதான் அவளுக்கு மூச்சு முழுசா வந்துச்சு. எத்தனை நாளு கழிச்சு! திரும்பிப் பாத்து, "வாங்க ஆத்தா, தைரியமா வாங்க"ன்னா. கருப்பாத்தா வந்தாங்க. கிறீச் கிறீச், கிறீச் கிறீச். அக்கரை மண்ணுல கால் பட்டுச்சு.

பூவாயி வேர்த்து விறுவிறுத்துக் கெடந்தா. அக்காவைப் பாத்ததும் கையப் புடிச்சுக்கிட்டா. துணி சுத்தின கை. "என்னக்கா இது?"

"பூவு, உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்டி. நேத்துத்தான் முடிச்சேன். மூணு மாசமா ஒரு முழம்கூடத் திரிக்கல. பயமா இருந்துச்சு."

பூவாயி பல்லைக் கடிச்சுக்கிட்டே அவளைப் பாத்தா. "வந்துட்டல்ல. விடு. கையை மட்டும் விட்றாத."

மாராயி விடல. கருப்பாத்தா எண்ணெயத் தேச்சு, வயித்தை மெல்ல மெல்ல நீவி, புள்ளையத் திருப்பினாங்க. வெளிய சென்னியப்பன் அங்குட்டும் இங்குட்டும் நடந்து நடந்து தரையே தேஞ்சு போச்சு. மத்தியானம் மழை சடசடன்னு புடிச்சுக்கிச்சு. அப்போ உள்ளேருந்து, ங்ஙா! ங்ஙா! ங்ஙா!

பொண்ணு. தலை நெறைய முடி. கருப்பாத்தா நெத்தி வேர்வையத் தொடச்சுக்கிட்டு, "ரெண்டு உசுரும் நல்லாருக்கு, யாராச்சும் எனக்கு ஒரு வாய் கஞ்சி குடுங்க"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. சென்னியப்பன் சிரிக்கிறேன்னு அழுதுட்டாரு.

மாராயிக்கும் ஒரு கிண்ணத்துல கஞ்சி குடுத்தாங்க. அவ ஒரு வாய் குடிச்சா. ரெண்டாவது வாய்க்குக் கிண்ணம் மடியில, தலை சுவத்துல, அப்படியே உக்காந்த வாக்குலயே தூங்கிட்டா. யாரும் எழுப்பல. பூவாயி புள்ளைய அணைச்சுக்கிட்டு, இன்னொரு கையால அக்கா மேல ஒரு போர்வைய இழுத்து விட்டா. மழை பேஞ்சுக்கிட்டே இருந்துச்சு, சடசடசட... சடசட... சட...

ம்?

ம் சொல்லக் காணோம். அக்காளும் தூங்கிட்டா, தங்கச்சியும் தூங்கிட்டா, புள்ளையும் தூங்கிருச்சு. கதையும் கால நீட்டிப் படுத்துருச்சு. நீயும் தூங்கு, கண்ணு.