போய்ச் சேர்ந்தவர்கள்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், காட்டில் குடியிருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேலே, கீழே ரொட்டி வேகும்போதெல்லாம் வாசனை வந்து வயிற்றைக் கிள்ளுகிற ஒரு மாடி அறையில் சுலைகா டீச்சர் இருந்தார். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் மாசிலாமணிக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

மாசிலாமணி அதுவரை செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். கடையைத் தம்பி மகன் கையில் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதப் படிக்க வேண்டும் என்று இந்த மாடிப்படி ஏறினார். ஏறிய நாளிலிருந்து அவர் இவரை டீச்சர் என்றார், இவர் அவரை அண்ணாச்சி என்றார். இதில் யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் குழப்பமாகத்தான் இருக்கும்.

டீச்சர் செய்துவைத்திருந்த பொருளுக்கு 'வாசல்' என்று பெயர். கையால் தொட முடியாத பொருள். வெப்சைட் வைத்திருப்பவர்கள் பிளகின் என்கிற இந்தச் சின்ன நிரலைத் தங்கள் தளத்தில் செருகிவிட்டால் போதும். யார் யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தப் பக்கத்தில் நின்றார்கள் என்று எண்ணிச் சொல்லும். வேண்டுமென்றால் அந்தக் கணக்கைப் பக்கத்தின் அடியில் எல்லோரும் பார்க்கிற மாதிரி காட்டவும் செய்யும். ஜவுளிக்கடை, டியூஷன் சென்டர், கல்யாண மண்டபம் என்று சின்ன ஊர்க்காரர்கள்தான் அதை வைத்திருந்தார்கள்.

எண்ணுகிற வேலை என்ன பெரிய வேலை என்று நினைக்கலாம். ஒரு தடவை, தேடுபொறி அனுப்புகிற ரோபோக்களை எல்லாம் மனுஷர் என்று எண்ணிவிட்டது. இன்னொரு தடவை, ஒரே ஆள் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறக்க, அவரை ஊர்வலமாக்கிவிட்டது. அப்படித் தப்பு தெரிய வரும்போதெல்லாம் டீச்சர் அதைத் திருத்திப் புதுப் பதிப்பு விடுவார்.

அந்த வாரம் விட்ட பதிப்பில் திருத்தத்தோடு ஒரு வசதியும் சேர்ந்தது. வந்தவர்களில் எத்தனை பேர் கடைசிவரை போய், போன் நம்பர் இருக்கிற பக்கத்தைத் தொட்டார்கள் என்று தனியாக எண்ணுகிற வசதி. கடைக்காரருக்கு அதுதானே முக்கியம். அதற்குத் தமிழில் பெயர் வைக்கிற வேலை மாசிலாமணிக்கு வந்தது.

முதலில் 'சேர்ந்தவர்கள்' என்று எழுதினார். ஏதோ கட்சியில் சேர்ந்த மாதிரி இருந்தது. போய்த்தானே சேர்கிறார்கள் என்று முன்னால் இன்னொரு சொல்லைப் போட்டார். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

"டீச்சர், பேர் வச்சாச்சு."

டீச்சர் எட்டிப் பார்த்தார். அன்று அவர் கவனமெல்லாம் எண்ணிக்கை சரியாக வருகிறதா என்பதில் இருந்தது.

"சரியா இருக்கு. விட்ருங்க அண்ணாச்சி."

விட்டார். இருட்டுவதற்குள் எல்லாத் தளங்களுக்கும் அது போய்விட்டது.

மறுநாள் காலையில் போன் வந்தது. மாசிலாமணிதான் எடுத்தார்.

"வாசல் ஆபீசா?"

"ஆமாம்மா, சொல்லுங்க."

"நான் நாங்குநேரிப் பக்கம், மாலைத்தென்றல் முதியோர் இல்லத்துல இருந்து பேச்சியம்மாள் பேசுதேன். நடத்துதது நான்தான். எங்க இல்லத்துல எத்தனை பெரியவங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"பதினெட்டுப் பேரு. அதுல பதினஞ்சு பேரை நேத்து நீங்க கொன்னுட்டீங்க."

மாசிலாமணி போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"எங்க வெப்சைட்டைத் திறங்க. அடியில என்ன போட்டிருக்குன்னு வாசிங்க. மனசுக்குள்ள இல்ல. வாயைத் திறந்து வாசிங்க."

போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத் திறந்தார். வேப்பமரத்தடியில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து சிரிக்கிற படம். அதற்கு நேர் கீழே அந்த வரி.

"போய்ச் சேர்ந்தவர்கள், பதினைந்து..."

பாதியிலேயே அவர் குரல் உள்ளே போய்விட்டது.

"இப்பப் புரியுதா? ஆறுமுகப்பெருமாள் ஐயாவோட மக கோமதி மஸ்கட்ல இருக்கா. நேத்து இதைப் பாத்திருக்கா. ஐயா போன் சார்ஜ் இல்லாமக் கிடந்திருக்கு. அந்தப் பிள்ளை பொட்டியத் தூக்கிட்டு ஏர்போர்ட்டுக்குப் போயிட்டா. அவ வீட்டுக்காரர்தான் எனக்குச் சொன்னாரு. நான் கூப்பிட்டாலும் அவரு கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேங்கா. எடுத்தா உண்மையின்னு சொல்லிருவேன்னு பயம் போல. ஐயா இங்க உக்காந்து ரெண்டாவது தோசை திங்காரு. நீங்க என்ன செய்வீங்களோ எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை அழுதுக்கிட்டே பிளேன் ஏறக் கூடாது."

டீச்சர் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த இல்லத்தின் கணக்கைத் திறந்திருந்தார்.

"அக்கா, இப்ப உங்க தளத்துல ஒரே ஒரு ஆள் நிக்காங்க. மஸ்கட்."

"அவதான். அவளாத்தான் இருக்கும்."

"கால் மணி நேரமா அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறக்காங்க. போனை எடுக்கப் பயந்தாலும் பக்கத்தைப் பாக்காம இருக்க முடியல. உங்க தளத்துப் பாஸ்வேர்டு சொல்லுங்கக்கா."

"என் பேரு. பின்னால ஒண்ணு, ரெண்டு, மூணு."

"அதையும் மாத்தணும். இது முடியட்டும்."

டீச்சர் உள்ளே நுழைந்தார். அந்த வரியை அழித்தார். அது இருந்த இடத்தில் வேறு வரி தட்டினார்: 'கோமதி, அப்பா நல்லா இருக்காங்க. தோசை சாப்பிடுறாங்க. பேச்சி அக்காவைக் கூப்பிடும்மா.'

மூன்று பேரும் காத்திருந்தார்கள். திரையில் மஸ்கட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. வந்தவர் ஒருவர். அந்த ஒருவரை மாசிலாமணி அதற்கு முன் எத்தனையோ முறை வெறும் எண்ணாகப் பார்த்திருக்கிறார். இப்போது அந்தப் புள்ளியிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

பக்கம் மறுபடி திறந்தது. புள்ளி அசையாமல் நின்றது. பிறகு அணைந்தது.

"போயிட்டா," என்றார் மாசிலாமணி.

"வைங்க, வைங்க, இன்னொரு லைன்ல அவ கூப்பிடுதா," என்று பேச்சியம்மாள் துண்டித்தார்.

கீழே பேக்கரியில் யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் போன் மறுபடி அடித்தது.

"அழுதுட்டா. சிரிச்சுட்டா. அப்பாவைத் திட்டிட்டா. ஐயா என்ன சொன்னாரு தெரியுமா? 'நான் இன்னும் போய்ச் சேரலம்மா, மத்தியானம் மீன்குழம்பு இருக்கு' அப்படீங்காரு. பொட்டியத் தூக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிட்டா. சரி. எனக்கு வேலை கெடக்கு. ஆனா ஒண்ணு, இந்த மாதிரி வேலை பாக்கதுக்கு நீங்க சும்மா இருந்திருக்கலாம்."

வைத்துவிட்டார்.

மாசிலாமணி எழுந்து தண்ணீர் குடித்தார். முதலில் வேலையை முடித்தார்கள். எல்லாத் தளங்களுக்கும் 'தொடர்பு கொள்ள வந்தவர்கள்' என்று சொல்லை மாற்றி, அவசரத் திருத்தமாகப் புதுப் பதிப்பு தயாரானது. அதோடு என்ன மாறியது என்று ஒரு குறிப்பும் போக வேண்டும். மாசிலாமணி எழுதினார். மன்னிக்கவும் என்று தொடங்கி, பிழை என்னுடையது, தமிழ் தெரிந்தும் தவறினேன் என்று நீட்டிக்கொண்டே போனார்.

டீச்சர் அதை வாசித்தார். இந்தமுறை வாய்விட்டு வாசித்தார். பிறகு மன்னிப்பை ஒரு வரியாக்கி, அடியில் இன்னொரு வரி சேர்த்தார்: 'பிழையைச் சொன்னவர் நாங்குநேரி பேச்சியம்மாள். அவருக்கு நன்றி.'

"டீச்சர், அவங்க சொல்லல. திட்டினாங்க."

"ஆமா."

"கொன்னுட்டீங்கன்னாங்க. திட்டுக்கு நன்றியா?"

டீச்சர் பதிப்பை அனுப்பினார்.

"நான் கடைக்கே போயிருதேன் டீச்சர். செல்போன்ல தப்பு பண்ணா ஒரு செல்போன்தான் கெடும். இங்க ஒரு சொல்லுல தப்பு பண்ணா..."

"போங்க அண்ணாச்சி. போறதுக்கு முன்னால எனக்காக ரெண்டு போன் மட்டும் பேசிட்டுப் போங்க."

திரையைத் திருப்பிக் காட்டினார். நேற்றிலிருந்து வாசலைக் கழற்றி எறிந்துவிட்ட தளங்கள். ஒன்று டவுனில் ஒரு டிரைவிங் ஸ்கூல். இன்னொன்று தென்காசியில் ஒரு திருமணத் தகவல் மையம்.

அந்தப் பக்கங்களில் அந்த வரி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்ததும் மாசிலாமணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டிரைவிங் ஸ்கூலுக்கு முதலில் அடித்தார்.

"சார், வாசல்ல இருந்து பேசுதேன். அந்த வரி எங்க தப்புதான் சார். இப்ப மாத்தியாச்சு."

"அட, அதுக்குப் போய் ஏன் சார் கூப்பிட்டீங்க? பரவாயில்ல. பசங்க பாத்துச் சிரிச்சானுவ. எடுத்துட்டு வேற ஒண்ணு போட்டுக்கிட்டோம்."

"திரும்பப் போட்டா..."

"பரவாயில்ல சார். நீங்க தப்பா நினைக்காதீங்க. வைக்கட்டுமா?"

தென்காசியில் ஒரு பெண்மணி எடுத்தார். குரலில் தேன் வடிந்தது.

"நீங்க கூப்பிட்டுச் சொன்னதே பெருசுங்க. எங்களுக்கு வருத்தமே இல்ல. எல்லாரும் மனுஷங்கதானே. ரொம்ப நன்றிங்க."

"அப்ப மறுபடி..."

"பாக்கலாங்க. ரொம்ப நன்றிங்க."

மாசிலாமணி போனை வைத்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றார் டீச்சர்.

"நல்லாத்தான் பேசினாங்க. ஒரு சுடுசொல் இல்ல."

"வருவாங்களா?"

அவர் தலையை ஆட்டினார். வரமாட்டார்கள்.

டீச்சர் கீழே குரல் கொடுத்து இரண்டு டீயும் பன்னும் சொன்னார். டீ வந்தது. மாசிலாமணி பன்னைப் பிய்த்து வாயில் வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. நம்பரைப் பார்த்ததுமே அவர் எழுந்து நின்றுகொண்டார்.

"பேச்சியம்மாள் பேசுதேன். புது வரி வந்திருக்கு. வாசிச்சேன். இதுல யாரும் சாகல. ஆனா எழுத்தை ஏன்யா கடுகு மாதிரி போட்டிருக்கீங்க? எங்க பெரியவங்க கண்ணாடி போட்டுக்கிட்டும் மூக்கைக் கொண்டுபோய்த் திரையில உரசுதாங்க. பிறகு, தளத்துல யாரு நிக்காங்கன்னு பாத்துச் சொன்னீங்களே, அது எனக்கும் தெரியணும். எந்த ஊர்ல இருந்து எந்தப் பிள்ளை வந்து பாக்குதுன்னு தெரிஞ்சா, அந்த ஐயாகிட்ட, அந்த அம்மாகிட்ட நான் போய்ச் சொல்லுவேன்லா? அதை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒளிச்சு வைக்கலம்மா. இடது பக்கம் மேல இருக்கு."

"இடது பக்கம் மேல எவன் பாப்பான்? கீழ கொண்டாங்க. சாயங்காலம் மறுபடி கூப்பிடுதேன்."

வைத்தாயிற்று. மாசிலாமணி டீயை மறந்து, எழுத்தின் அளவு எந்த இடத்தில் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். பச்சைப் புள்ளியைக் கீழே கொண்டுவர என்னென்ன மாற்ற வேண்டும் என்று கேட்டார். டீச்சர் சொன்னார். இருவரும் மத்தியானம்வரை அதில் இருந்தார்கள். கடைக்குப் போகிற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

புதுப் பதிப்பின் குறிப்பை எழுதும்போது, யாரும் சொல்லாமலே, அடியில் பேச்சியம்மாள் பெயரைப் போட்டு நன்றி என்று எழுதினார். எழுதிவிட்டு, உதட்டை அசைத்து இரண்டு முறை வாசித்தார்.

சொன்ன மாதிரியே சாயங்காலம் போன் அடித்தது. எழுத்து இப்போது சரி, நிறம்தான் வெளிறிப் போயிருக்கிறது என்று பேச்சியம்மாள் பத்து நிமிஷம் பிடித்துக்கொண்டார். மஸ்கட்டிலிருந்து கோமதி மறுபடி வந்து பார்த்ததாகவும், அதைச் சொன்னதும் ஆறுமுகப்பெருமாள் ஐயா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டதாகவும் இடையில் ஒரு வார்த்தை சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி நிறத்துக்குப் போனார்.

போனை வைத்துவிட்டு மாசிலாமணி காதைத் தேய்த்துக்கொண்டார்.

"டீச்சர், இந்த அம்மா நம்மளத் திட்டுறதை எப்பத்தான் நிறுத்துவாங்க?"

சுலைகா டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"நிறுத்திட்டாங்கன்னா உடனே எனக்குச் சொல்லுங்க அண்ணாச்சி. ஆபீசைப் பூட்டிட்டு, நம்மள ஏன் விட்டுட்டீங்கன்னு கேக்க ரெண்டு பேரும் அன்னைக்கே நாங்குநேரி பஸ் ஏறிருவோம்."