கோணமேட்டின் ஒரே குடிமகள்

“உன் ஆடு என் அவரைப் பந்தலை மொட்டையடிக்குது, நீ நின்னு பல் விளக்கிக்கிட்டு இருக்கே! கேக்க ஒரு நாதி இல்லையா இந்த ஊர்ல?”

சிட்டம்மா இப்படிக் கத்தியதும் ஆட்டுக்காரன் உடையப்பன் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தான். “நெசமாவே இல்லையே அக்கா. நம்ம ஊருக்கு அரசாங்கம்னு ஒண்ணு ஏது?”

கோணமேட்டில் யோசனை என்பது மெட்ராஸ் ஐ மாதிரி. ஒருத்தருக்கு வந்தால் ஊருக்கே வரும். உடனே கூட்டம் கூடியது. ஆட்டை விரட்ட மட்டும் யாரும் போகவில்லை. சட்டம் இல்லாமல் விரட்டினால் அது அடாவடி அல்லவா?

அடுப்பில் உலை பொங்கவே, சிட்டம்மா ஓடிப்போய்க் கஞ்சியை வடித்துவிட்டு வந்தாள். அதற்குள் பதவியெல்லாம் தீர்ந்துவிட்டது. உடையப்பன்தான் நீதிபதி. ஆட்டைப் பற்றி அவனுக்குத்தானே நன்றாகத் தெரியும்! பெரியவர் முத்தையன் மந்திரி. மற்றவர்கள் போலீஸ், தாசில்தார். வேலை கிடைக்காத நாலு பேர் எதிர்க்கட்சி.

“எனக்கு?”

“மக்கள்னு ஒரு இடம் காலியா இருக்கு தாயி,” என்றார் முத்தையன். “பெரிய பொறுப்பு. ஒத்தை ஆளாச் சமாளிப்பியா?”

அன்று முழுக்க ஊரே அவளை ஆண்டது. குரலை உயர்த்தினால் கலவரம் என்றார்கள். வாயை மூடினால் மக்கள் திருப்தி என்று அறிவித்தார்கள். அவள் இருமியதற்கு எதிர்க்கட்சி கதறி அழுதது. பந்தலில் ஆடு இலையை முடித்துவிட்டுக் காய்க்கு வந்திருந்தது.

“என் வழக்கு என்னடா ஆச்சு?”

“ஆடு தின்னது உண்மை,” என்றான் நீதிபதி. “ஆனா சட்டம் மக்களுக்குத்தானே அக்கா? ஆடு மக்கள் இல்லையே!”

“அப்போ அதை மக்களாக்கு! நான் அரசாங்கத்துல சேந்துக்கறேன். போடு நாலு அடி!”

அப்படியே ஆனது. சிட்டம்மா காய்கறி மந்திரி. ஆட்டின் நெற்றியில் பொட்டு வைத்து மக்களாக்கினார்கள். போலீஸ் கம்பை ஓங்கியது.

“நிறுத்து!” அலறினார் முத்தையன். “இந்த நாட்டுக்கு எஜமான் மக்கள். நாம வேலைக்காரங்க. எஜமானையே அடிப்பியா?”

கம்பு கீழே விழுந்தது. சிட்டம்மா இடுப்பில் கை வைத்தாள். “நான் மக்களா இருந்தப்போ இதை ஏன் ஒருத்தரும் சொல்லலே?”

“நீ கேக்கவே இல்லையே தாயி.”

ஊரே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பந்தலைச் சுற்றிக் கைகட்டி நின்றது. மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கொடி. வேறு வழியில்லாமல் சிட்டம்மாவும் முந்தானையைப் போர்த்திக்கொண்டு கும்பிட்டாள்.

“ஐயா மக்களே, விதைக்காவது நாலு காய் விட்டு வைங்களேன்!”

மக்கள் மென்றுகொண்டிருந்தார்கள்.