அங்கயற்கண்ணி ஊறுகாய் கம்பெனிக்குத் தரை போட்ட கதை

கம்பம் போகிற வழியில் மூலக்கரைப்பட்டி என்று ஒரு ஊர். அந்த ஊரில் தவசி, ஒச்சப்பன், மொக்கராசு, ஜக்கையன் என்று நாலு பேர். இவர்கள் சேர்ந்து ஒரு வேலையைச் செய்தால் அதைச் சரிசெய்ய எட்டுப் பேர் வேண்டும். நாலு பேரில் தவசிதான் மேஸ்திரி. ஏனென்றால் அவரிடம்தான் தொப்பி இருந்தது.

அதே ஊரில் அங்கயற்கண்ணி அம்மா ஊறுகாய் கம்பெனி வைத்திருந்தார். உப்பும் எலுமிச்சைச் சாறும் சிந்திச் சிந்தி சிமெண்டுத் தரை அரித்துப்போய்க் குண்டும் குழியுமாகக் கிடந்தது. சோதனைக்கு வந்த அதிகாரி ஒரு குழியில் கால் இடறி எலுமிச்சை அண்டாவுக்குள் உட்கார்ந்துவிட்டார். எழுந்து பிழிந்துகொண்டே, தரைக்கும் உப்புத்தண்ணி ஊற்றும் இரும்புத் தொட்டிக்கும் எபாக்ஸி என்கிற கெட்டிப் பெயிண்டைப் பூசாவிட்டால் கம்பெனிக்குச் சீல் வைப்பேன் என்றார். திங்கட்கிழமை காலையில் மாங்காய் லாரி வருகிறது. மாங்காய் பழுத்துவிட்டால் அப்புறம் ஊறுகாய் ஏது? வழக்கமாகப் பெயிண்ட் அடிக்கிறவர்களோ மொத்தமாக ஒரு கல்யாணத்துக்கு மதுரை போய்விட்டார்கள்.

அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. தவசியைக் கூப்பிட்டு முன் அனுபவம் உண்டா என்று கேட்டார். சுடுகாட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தது நாங்கள்தான், உள்ளே போன ஒருத்தர்கூட இன்றுவரை குறை சொன்னதில்லை என்றார் தவசி.

எபாக்ஸி விற்றது ஜபருல்லா பாய். பொறுமைசாலி. டப்பாக்களையும் ரோலர்களையும் நாலு ஜோடி ரப்பர் பூட்ஸையும் எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். நாலு பேரும் கைகட்டிக் கேட்டார்கள். சொன்னதில் ஒரு எழுத்துகூட மாறக்கூடாது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள்.

முதலில் தொட்டி. துரு போக அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லியிருந்தார் பாய். ஊறுகாய் கம்பெனியில் உப்புக்கா பஞ்சம்? பழைய செய்தித்தாளில் கஞ்சியைத் தடவி, கல்லுப்பைத் தூவி, நாலு பேரும் தொட்டியைத் தேய் தேய் என்று தேய்த்தார்கள். சாயங்காலம் ஒரு வாளித் தண்ணீரும் ஊற்றினார்கள். மறுநாள் காலையில் தொட்டி உள்ளும் புறமும் செக்கச்செவேல் என்று துருவேறி நின்றது.

"ரெட் ஆக்சைடு அடிக்கணும்னு பாய் சொன்னாருல்ல," என்றான் ஒச்சப்பன். "பாரு, அதுவா வந்து நிக்கிது."

தவசிக்குப் பெருமை தாங்கவில்லை. நல்ல தொட்டி, சொல்லாமலே செய்கிறது என்று தட்டிக்கொடுத்தார்.

அடுத்தது தரை. பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலப் பார்த்துப் பார்த்துச் சுத்தம் பண்ணணும் என்பது பாய் சொன்ன வார்த்தை. ஜக்கையனுக்கு மூன்று பிள்ளைகள் என்பதால் இந்த வேலை அவன் தலைமையில் நடந்தது. கம்பெனி நல்லெண்ணெய் ரெண்டு டின்னை உடைத்துத் தரைக்குத் தேய்த்து, நன்றாக ஊறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினார்கள். பிள்ளைக்குத் தோல் காய்ந்துவிடக் கூடாது என்று சீயக்காயைத் தொட்டும் தொடாமலும் போட்டார்கள். சாம்பிராணி காட்டி, பவுடர் பூசி, நட்டநடுவில் ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்தார்கள். தரை பளபளவென்று சிரித்தது. ஜக்கையன் கொஞ்ச நேரம் அதைத் தூங்கப் பண்ணினான்.

எபாக்ஸியில் ரெண்டு டப்பா. ஒன்றை மற்றொன்றில் கலந்தால்தான் இறுகும். கலந்துவிட்டால் அரைமணி நேரம்தான் அதற்கு உசுரு, அதற்குள் பூசிவிட வேண்டும் என்று பாய் எச்சரித்திருந்தார். முதல் ஜோடியைக் கலந்தார்கள். ரோலரைக் கையில் எடுத்த தவசியை ஜக்கையன் தடுத்தான்.

"அண்ணே, இருக்கப்போறதே அரைமணி நேரம். அதுலயும் போட்டு உருட்டி உருட்டி வதைக்கணுமாண்ணே?"

நாலு பேரும் யோசித்தார்கள். நமக்கு அரைமணி நேரம்தான் என்று யாராவது சொன்னால் நாமாவது வேலை செய்வோமா என்று கேட்டான் ஒச்சப்பன். அரைமணிக்கு மேலே ஆயுசு இருந்தும் நீ செய்ததில்லையே என்றார் தவசி. இருந்தாலும் அவருக்கும் மனசு இளகிவிட்டது. டப்பாவை ஜன்னலோரக் காற்றில் வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மொக்கராசு டப்பாவைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டான். சுட்டது. காய்ச்சல் என்று முடிவாயிற்று. துண்டை நனைத்துச் சுற்றினார்கள். ஒச்சப்பன் மருந்துக் கடைக்கு ஓடினான். கடைக்காரர் வயசு என்ன என்று கேட்டார்.

"இருபது நிமிசம்ணே."

கடைக்காரர் பதறிப்போய்ச் சொட்டு மருந்து கொடுத்தனுப்பினார். ஒச்சப்பன் வந்து சேர்வதற்குள் டப்பாவிலிருந்து புகை கிளம்பி, உள்ளே இருந்ததெல்லாம் கல்லாக இறுகிவிட்டது. கிண்டிய குச்சி நடுவில் நட்டமாக நின்றது. தவசி தட்டிப் பார்த்தார்.

"விறைச்சுப்போச்சு," என்றார். தொப்பியைக் கழற்றினார்.

கம்பெனிக்குப் பின்னால் குழி வெட்டி அடக்கம் பண்ணினார்கள். அந்த நேரம் பார்த்து அங்கயற்கண்ணி அம்மா போனில் வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். ஒரு சாவு ஆகிவிட்டதம்மா, இப்போதுதான் எடுத்தோம் என்று தவசி தழுதழுத்தார். பாவம், நல்ல மனுஷி. செத்தது யார் என்றுகூடக் கேட்காமல் அன்றைக்கு லீவு கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனசைக் கல்லாக்கிக்கொண்டு மிச்ச டப்பாக்களைக் கலந்தார்கள். மூலையில் ஆரம்பித்து வாசலுக்கு வாருங்கள் என்பது பாய் சொன்னது. எந்த மூலை என்று அவர் சொல்லவில்லை. ஒரு மூலையை மட்டும் எடுத்தால் மற்ற மூன்றும் என்ன நினைக்கும் என்று ஜக்கையன் கேட்டான். அதுவும் நியாயம்தான். ஆளுக்கொரு மூலையில் ஆரம்பித்தார்கள். பச்சை நிறத்தில், கண்ணாடி மாதிரி, ஒரு கோடு விழாமல் பூசினார்கள். சும்மா சொல்லக்கூடாது, பூச்சு அருமையான பூச்சு. பூசிப் பூசிப் பின்னால் வந்தவர்கள் நட்டநடுவில், அந்தத் திருஷ்டிப் பொட்டின் மேல், நாலு முதுகும் இடித்துக்கொண்டு நின்றார்கள். வாசல் எங்கேயோ இருந்தது.

"இப்ப எப்படிண்ணே வெளிய போறது?" என்றான் மொக்கராசு. "காயிற வரைக்கும் ஒரு கால் படக்கூடாதுன்னு பாய் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

தவசி ரொம்ப நேரம் யோசித்தார். "ஒரு கால்தானே படக்கூடாதுன்னாரு," என்றார் கடைசியில். "ரெண்டு காலும் சேர்ந்து படலாம்ல?"

இப்படியொரு மேஸ்திரி வாய்க்க என்ன புண்ணியம் செய்தோமோ என்று மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு, வந்த வழிதான் தெரிந்த வழி என்று அவரவர் மூலையைப் பார்த்து ரெண்டு காலையும் சேர்த்துத் தவளை மாதிரி குதித்தார்கள். நாலைந்து குதியில், மூலையை நெருங்கும்போது, பூட்ஸ் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பூட்ஸைக் கழற்றினால் தீர்ந்தது. ஆனால் வேலை முடியும்வரை எக்காரணம் கொண்டும் பூட்ஸைக் கழற்றாதீர்கள் என்பதும் பாய் சொன்னதுதானே. தவசி அவருக்குப் போன் போட்டு, பாய், நாங்கள் தரையில் நிற்கிறோம் என்றார். எல்லோரும் தரையில்தானே நிற்கிறார்கள் என்று நினைத்த பாய், அப்படியே இருங்கள், காலையில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நாலு பேரும் அப்படியே இருந்தார்கள். மொக்கராசுக்கு நின்றபடியே தூங்க வரும். மற்றவர்கள் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

திங்கட்கிழமை காலை அங்கயற்கண்ணி அம்மா ஷட்டரைத் தூக்கினார். பின்னால் மாங்காய் லாரி நின்றது. பச்சைத் தரையில் மூலைக்கொருவராக நாலு பேர் பந்தக்கால் மாதிரி நிற்பதையும், அந்தப் பக்கம் தொட்டி துருத் துருவாக உதிர்வதையும் பார்த்தார். ரெண்டு எண்ணெய் டின் காலியாகக் கிடப்பதையும் பார்த்தார். அந்த அம்மா கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு ஊரே கேட்டது.

"உங்களுது எதுவும் இங்க இருக்கக்கூடாது. போட்டது எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வெளிய போங்கடா."

போட்டதையெல்லாம் என்றால் தரையும்தானே. நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெதுவாக வாசலை நோக்கி நடந்தார்கள். எண்ணெய்க் குளியல் வாங்கிய சிமெண்டில் எபாக்ஸி ஒட்டவே இல்லை. இன்னும் முழுசாக இறுகாமல் ரப்பர் மாதிரி இருந்த பூச்சு, ஓரத்திலிருந்து சொர் என்று உரிந்து, தோசை எழும்புவது போல எழும்பி, மடிந்து சுருண்டு அவர்கள் பின்னாலேயே வந்தது. லாரி நுழையும் ஷட்டர் என்பதால் வாசலும் தடுக்கவில்லை. முற்றத்துக்கு வந்து, நாலு திசையில் நகர்ந்து, சுருக்கம் இல்லாமல் விரித்து நின்றார்கள்.

அம்மா வாசற்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். மாங்காய் நறுக்க வந்த பெண்கள் கத்தியோடு நின்று அந்தப் பச்சை விரிப்பைப் பார்த்தார்கள். தூசி இல்லை, துரும்பு இல்லை. அம்மாவும் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டு, மாங்காயை அதன்மேல் கொட்டச் சொன்னார். வெயில் ஏறியதும் லாரித் தார்ப்பாயை வாங்கி, நாலு மூலையையும் நாலு பேர் கழுத்தில் கட்டி நிழல் பண்ணினார்கள். ஜபருல்லா பாய் வந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், இதுவரை சொன்னதே போதும் என்று வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் பாதி மாங்காய் நறுக்கி உப்புக்குப் போயிற்று. மீதி இன்னும் லாரியில் இருந்தது. அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தவசி கழுத்தில் தார்ப்பாயோடு மரியாதையாகக் கூப்பிட்டார்.

"தரை ரெடிம்மா. கட்டடத்தை எப்பக் கொண்டாந்து இதுமேல வைக்கப் போறீங்க?"

"அவசரப்படுத்தாதண்ணே," என்றான் அடுத்த மூலையில் நின்ற ஒச்சப்பன். "பெரிய கட்டடம். லாரி காலியாக வேணாமா?"