கிடா காட்டிய வழி

தேரிக்காட்டுச் செம்மணலில் அகலமாய் விரித்துப்போட்ட கோல்ஃப் மைதானம். மன்றத் தலைவர் ஆளவந்தார் கொடியைப் பார்த்து நேராக அடித்த பந்து, நாலாவது முறையும் மணலில் புதைந்தது. விருந்தாளிகள் முன்னால் மானம் போன கோபம், பை தூக்கும் மாசானத்தின்மேல் பாய்ந்தது.

"எல்லாம் உன் ராசிலே! மணல்ல விழாம, நாலே அடியில கொடிக்குழியில போட்டுக் காட்டு. இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராத!"

மாசானம் பந்து உருட்டும் மட்டையை எடுத்தான். கொடியை விட்டு இடப்பக்கம் திரும்பி நின்றான்.

"கொடி அங்கல்லாலே இருக்கு!" என்று தலைவர் சிரித்தார்.

பந்து தரையோடு தரையாக ஓடி, இரண்டே அடியில் மணல்மேட்டைச் சுற்றியது. மூன்றாவதில் கொடியை நெருங்கியது. நாலாவதில் குழிக்குள் குதித்தது. விருந்தாளிகள் கைதட்டித் தீர்த்தார்கள்.

"எந்த நிபுணர்கிட்டலே படிச்ச?" என்றார் தலைவர்.

"அன்னா நிக்காருல்லா, ஐயா!"

மேட்டோரம் ஒரு வெள்ளாட்டுக் கிடா அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"அவருக்குக் கொடி தெரியாது. கால் புதையாத கெட்டித்தரை தெரியும். அவர் புழுக்கை கிடந்த வழியாத்தான் அடிச்சேன்."

மறுநாள் மட்டையைத் தொடுமுன், தலைவர் மாசானத்தின் காதோடு கேட்டார்:

"ஏலே, நம்ம நிபுணர் இன்னைக்கு எந்தப் பக்கமா போனாரு?"