இருநூறு பேர் எழுதிய வழிச்சுவடி

முன்னொரு காலத்திலே, எந்த ஊர் எந்த தேசம் என்று என்னைக் கேட்காதீர்கள், கேட்டால் எனக்குக் கோபம் வரும், கடலோரத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் ராஜாவுக்கு ஒரு நாள் காலையில் ஒரு ஆசை வந்தது. நமக்கு ஆசை வந்தால் மென்று விழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போவோம். ராஜா சபையைக் கூட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். முந்தின நாள் தூரதேசத்துக் கப்பல் தலைவன் ஒருவன் காணிக்கையாக ஓர் ஓலைச்சுவடியை வைத்துவிட்டுப் போயிருந்தான். எங்கே பாறை, எங்கே மணல்திட்டு, எந்தக் காற்றில் எந்தத் துறைக்குள் நுழையலாம் என்று சொல்கிற வழிச்சுவடி. புரட்டிப் பார்த்தால் பாதிச் சுவடி ராஜாவின் சொந்தத் துறைமுகத்தைப் பற்றி!

"நமது கடல், நமது துறை. அது அந்நியன் கையில் இருக்கிறது. இதில் நமது முத்திரை எங்கே?" என்று கேட்டார் ராஜா.

சபையில் இருந்த ஏடகத் தலைவர் ஞானசிகாமணி எழுந்தார். அரண்மனைச் சுவடிகளுக்கெல்லாம் காவல் அவர்தான். பெயருக்கேற்ற ஞானம் இருந்ததோ என்னவோ, பொறாமை மட்டும் இரண்டு ஆளுக்குப் போதுமான அளவு இருந்தது. அவர் மூச்சுப்பிடித்துப் பாட்டுப் பாடினால் சபை கொட்டாவி விடும். அரசவை விகடன் இடும்பன் சும்மா தும்மினாலும் சபை சிரிக்கும். அந்த எரிச்சல் அவருக்கு வருஷக்கணக்காக இருந்தது.

"மகாராஜா, இது துறைமுகத்து உப்புக் கிடங்கில் உட்கார்ந்துகொண்டு வேலையற்றவர்கள் எழுதுவது. நமது விகடர் தினந்தோறும் அங்கேதான் போகிறார். இதைத் தங்கள் சொத்தாக்கும் பணியை அவரிடமே ஒப்படைத்தால் பொருத்தமாக இருக்கும்," என்றார்.

ராஜா இடும்பனைப் பார்த்தார். "பிறர் பாத்தியதை ஒரு துளியும் இல்லாமல், முழுக்க முழுக்க நமக்கே சொந்தமான சுவடி, மூன்றாம் நாள் இந்தச் சபைக்கு வர வேண்டும். வந்தபின் நமது முத்திரை இல்லாமல் எவனும் படி எடுக்கக் கூடாது. இது நடவாவிட்டால் நீர் இந்த நாட்டில் இருக்க வேண்டாம்."

வழக்கமாக இந்த இடத்தில் இடும்பன் ஏதாவது கோணங்கித்தனம் பண்ணுவான். அன்றைக்குப் பண்ணவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உப்புக் கிடங்கு கும்பலுக்குச் சம்பளம் கிடையாது, பட்டம் கிடையாது. காற்று மாறிக் கப்பல்கள் கரையில் கட்டிக்கிடக்கும் மாதங்களில் தச்சரும் பாய் தைப்பவரும் மாலுமிகளும் அங்கே கூடுவார்கள். ஓலைகூட அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவருவதுதான். தாங்கள் கண்டதைச் சொல்லி எழுதுவார்கள், மற்றவர் எழுதியதைப் படி எடுப்பார்கள். யார் எழுதியது சேரும், யார் எழுதியது சேராது என்று பார்த்துச் சேர்ப்பவள் சீனியம்மாள். கப்பல் தச்சரின் பெண்சாதி, வாய் கொஞ்சம் நீளம். ஒரு ஏட்டில் ஒருவர் கண்டதுதான் இருக்க வேண்டும், கீழே அவர் பெயர் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சுவடியின் முதல் ஏட்டில் இப்படி எழுதியிருக்கும்:

"இதை யாரும் படி எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். கொடுப்பவர் ஒரு ஏடும் குறையாமல் கொடுக்க வேண்டும். புதிதாக ஒன்று கண்டவர் அதையும் சேர்த்து எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். எழுதியவர் அத்தனை பேரும் சம்மதித்தாலொழிய இந்த ஏட்டை மாற்ற ஒருவருக்கும் உரிமை இல்லை."

அப்படித்தான் அந்தச் சுவடி கப்பல் கப்பலாகப் போய், எங்கெங்கோ துறைகளில் படியாகி, புது ஏடுகளோடு திரும்பி வரும். சிலர் முதல் ஏட்டை உருவிவிட்டுத் தங்கள் சுவடி என்று சொல்லிக்கொண்டதும் உண்டு. சீனியம்மாள் அவர்கள் பரம்பரையையே திட்டிவிட்டு அடுத்த படியை எழுதப் போய்விடுவாள்.

இடும்பனுக்கு அங்கே என்ன வேலை? அவனுக்கு மாயாண்டி என்று ஒரே மகன். மாலுமி. பேசும்போது திக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சபையில் ராஜா மிகவும் சலிப்பாக இருந்தார். எதைச் சொல்லியும் சிரிக்கவில்லை. இடும்பன் தன் மகன் மீன் விலை கேட்பது போலத் திக்கித் திக்கி நடித்துக் காட்டினான். சபை உருண்டு உருண்டு சிரித்தது. அப்பாவை அழைத்துப்போக வந்த மாயாண்டி தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். மறுநாள் கிளம்பிய கப்பலில் அவன் போய்விட்டான். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

அன்றிலிருந்து எந்தத் துறையிலிருந்து சுவடி திரும்பி வந்தாலும் புது ஏடுகளை முதலில் பார்ப்பது இடும்பன்தான். எங்காவது ஒரு பாறையைப் பற்றி, ஒரு காற்றைப் பற்றி மகன் எழுதியிருக்க மாட்டானா? கீழே 'மாயாண்டி' என்று இருந்தால் போதும், உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துவிடுமே! ஆறு வருஷமாக ஒரு எழுத்தும் வரவில்லை. ஆனாலும் வரலாம் அல்லவா? சுவடியை அரண்மனைப் பெட்டிக்குள் பூட்டினால் எவன் எழுதுவான், எவன் திருப்பி அனுப்புவான்? மகனிடமிருந்து சேதி வருவதற்கு இருந்த ஒரே வழி அடைந்துபோகும். நாடு கடத்தினாலும் அதே கதிதான்.

மூன்றாம் நாள் சபை கூடியது. இடும்பன் பட்டுத்துணியில் சுற்றிய ஒன்றைத் தலைமேல் தாங்கி வந்து ராஜாவின் முன் வைத்தான். இரண்டு பக்கமும் தங்கத் தகடு போட்ட பலகை, மேலே அரக்கு முத்திரை. ராஜா ஆவலோடு அவிழ்த்தார். உள்ளே ஒரே ஒரு ஏடு இருந்தது.

"மற்ற ஏடுகள் எங்கே?"

"தங்கள் கட்டளைப்படி செய்தேன் மகாராஜா. பிறர் பாத்தியதை ஒரு துளியும் இருக்கக் கூடாது என்றீர்கள். ஒவ்வொரு ஏடாகப் பார்த்தேன். இருநூற்றுப் பதினாறு பேர் கண்டது. அவர்களுடையதை எல்லாம் எடுத்துவிட்டேன். முழுக்க முழுக்கத் தங்களுக்கே சொந்தமானது இந்த ஓர் ஏடுதான். உரக்கப் படிக்க வேண்டுகிறேன்."

ராஜா படித்தார். "கழுகுப் பாறைக்குத் தெற்கே கடல் மிகவும் ஆடுகிறது. இங்கே வந்தால் வாந்தி வரும். இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. கண்டவர், இளவரசர்."

ராஜா இளவரசராக இருந்தபோது ஒருமுறை உல்லாசமாகப் படகில் போனார். போன கதி அந்த ஏட்டில் இருக்கிறது. உப்புக் கிடங்குக்காரர்கள் அதையும் விடாமல் முப்பது வருஷமாகப் படி எடுத்து உலகமெல்லாம் அனுப்பியிருந்தார்கள்! சபையில் ஒருவருக்கும் சிரிக்கவும் தைரியம் இல்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. முதலில் ராஜாவின் தொந்திதான் குலுங்கியது. அப்புறம் சபையே வெடித்தது.

ஞானசிகாமணி மட்டும் சிரிக்கவில்லை. "மகாராஜா, இது ஏய்ப்பு. எழுதியவர்களிடம் சம்மதம் வாங்கினால் தீர்ந்தது."

"வாங்கலாமே," என்றான் இடும்பன். "அதில் எழுபது பேர் காலமாகிவிட்டார்கள். அவர்களிடம் கேட்டுவர ஏடகத் தலைவரையே அனுப்பலாம். எப்போது திரும்புவார் என்றுதான் தெரியவில்லை."

"விளையாட்டு வேண்டாம்!" என்று கத்திய ஞானசிகாமணி, தன் ஆளிடமிருந்து ஒரு புதுச் சுவடியை வாங்கி நீட்டினார். "இவர் இப்படித்தான் செய்வார் என்று நானே ஒரு படி தயாரித்துவிட்டேன். முதல் ஏடு இல்லை. கண்டவன் நின்றவன் என்ற பெயர்க்குப்பை எதுவும் இல்லை. ஆழமும் தூரமும் மட்டும். அரசரின் பெயர் ஒன்றே உள்ளது."

இடும்பன் அதை வாங்கிப் புரட்டினான். "துறை வாசலில் ஆழம் மூன்று பாகம். பலே! ஏடகத் தலைவரே, பாகம் என்றால் என்ன?"

"இதுகூடத் தெரியாதா? ஒருவன் இரண்டு கைகளையும் விரித்து நின்றால் ஒரு விரல்நுனி முதல் மறு விரல்நுனி வரை."

"எவன் விரித்து நின்றால்?"

இடும்பன் வாசல் காவலர்களில் நெட்டையான ஒருவனையும், பல்லக்குத் தூக்குபவர்களில் குட்டையான ஒருவனையும் கூப்பிட்டு, மூன்று மூன்று முறை கயிற்றைப் பிடித்து அளக்கச் சொன்னான். இரண்டு கயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றைவிட மற்றது ஒரு சிறு பிள்ளையின் உயரம் கூடுதலாக இருந்தது.

"மகாராஜா, துறையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பெயரைப் பார்த்தால் இது நெட்டைக் காத்தான் சொன்ன பாகம், இது குட்டைச் செவத்தான் சொன்ன பாகம் என்று கணக்குப் பண்ணிக் கப்பலை விடுவார்கள். தூரத்துத் துறைக்காரர்களுக்காக ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் எத்தனை சாண் ஆள் என்றும் எழுதியிருக்கிறது. ஏடகத் தலைவர் குப்பை என்று கூட்டித் தள்ளியது அதைத்தான். தங்கள் கப்பலை இந்தச் சுவடியை நம்பி விட்டுப் பார்ப்போமா? முன்னால் இவரே உட்காரட்டும்."

"எனக்கு உடம்பு சரியில்லை," என்றார் ஞானசிகாமணி.

ராஜா கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு மேல்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "முதல் ஏடு அப்படியே இருக்கட்டும். நமது கப்பல்களும் இனித் தாம் கண்டதை உப்புக் கிடங்கில் வந்து சொல்லட்டும். இடும்பரே, என்ன வேண்டும்? கேளும்."

"ஒரு ஏடு எழுத வேண்டும் மகாராஜா. அந்தச் சுவடியில். என் மகனுக்கு."

அந்தப் பழைய நாளின் சிரிப்பு அங்கே பலருக்கு ஞாபகம் இருந்தது, ராஜாவுக்கும்தான். அவர் தலை குனிந்துகொண்டார்.

"சிரித்துவிடுங்கள் மகாராஜா, இல்லாவிட்டால் என் பிழைப்பு போய்விடும்," என்றான் இடும்பன். ஒருவரும் சிரிக்கவில்லை.

ராஜாவின் அனுமதியோடு கிடங்குக்குப் போனால், சீனியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ராசா சொன்னா ஆச்சாண்ணே? கண்டதைத்தான் எழுதலாம். ஆசைப்பட்டதை எல்லாம் எழுத இது என்ன காதல் ஓலையா?"

"கண்டதைத்தான் எழுதப் போறேன் தாயி," என்றான் இடும்பன். எழுத்தாணியை எடுத்தான். எழுதினான்:

"இத்துறையில் உப்புக் கிடங்கு. அதன் படியில் பொழுது சாயும் வேளையில் ஒரு கிழவன் கடலைப் பார்த்து நிற்பான். ஆறு வருஷமாக நிற்கிறான். அவன் தன் மகன் மாயாண்டியின் பேச்சைச் சபையில் நடித்துக் காட்டியதையும், சபை சிரித்ததையும், மகன் நின்று பார்த்ததையும் நான் கண்டேன். தப்பு கிழவன்மேல். துறை வாசல் எந்தக் காற்றிலும் திறந்தே இருக்கிறது. கண்டவன், இடும்பன். ஏழு சாண் ஆள்."

சீனியம்மாள் படித்தாள். மூக்கை உறிஞ்சினாள். "ஒரு எழுத்து பிழையா இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவடிக் கட்டோடு சேர்த்தாள். அந்தப் பருவத்தில் கிளம்பிய பதின்மூன்று கப்பலிலும் அந்த ஏடு போனது. ஒரு ஏடும் குறையக் கூடாது என்பது வழக்கமாயிற்றே, போகிற துறையிலெல்லாம் அதையும் சேர்த்துத்தான் படி எடுத்தார்கள். முகம் தெரியாத எத்தனையோ பேர் ஒரு கிழவனின் ஏக்கத்தை எழுத்துக்கூட்டி எழுதினார்கள்.

அடுத்த வருஷம் காற்று திரும்பி, சுவடிகளும் திரும்பின. இடும்பன் ஒவ்வொன்றாக அவிழ்த்தான். தன் ஏட்டுக்குப் பின்னால் புது ஏடுகள் சேர்ந்திருந்தன. "எங்கள் துறையில் அப்படி ஒருவர் இல்லை. விசாரித்தேன். கண்டவன், இத்ரீசு, எட்டு சாண் ஆள்." "இங்கும் இல்லை. வந்தால் சொல்கிறோம். கண்டவள், மங்கா, ஆறரைச் சாண்." இல்லை, இல்லை, இங்கேயும் இல்லை. பன்னிரண்டு சுவடியிலும் அப்படித்தான். அவன் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தான். கடைசிச் சுவடியைச் சீனியம்மாளே அவிழ்த்து அவன் கையில் கொடுத்தாள்.

"இங்கே இரண்டு வருஷம் பாய் தைத்தான். போன மாசிக்குக் கிழக்கே பவளத் துறைக்குப் போனான். நல்லவன். சாயங்காலமானால் தன் அப்பனைப் பற்றிக் கதை சொல்வான். திக்கித் திக்கித்தான் சொல்வான், ஆனால் நாங்கள் வயிறு நோகச் சிரிப்போம். கண்டவன், சின்னக்கோனான், ஏழரைச் சாண்."

இடும்பன் அந்த ஓலையோடு நேராகச் சபைக்குள் நுழைந்தான். ராஜா வாங்கிப் படித்தார்.

"பார்த்தீர்களா மகாராஜா அநியாயத்தை! என்ன கதை சொன்னான் என்று எழுதாமல் விட்டுவிட்டானே, பாவி!" என்று இடும்பன் அடித்துக்கொண்டான். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது.

ராஜா சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குக் கிழக்கே போகிற கப்பலில் விகடருக்கு ஓர் இடம் போடச் சொன்னார். "அங்கே போய்க் கேட்டுக்கொள்ளும். எம்மைப் பற்றியும் ஏதாவது சொல்லியிருப்பான், அதையும் கேட்டு வாரும்."

அந்தக் கப்பல் விடிந்ததும் கிளம்பியது. இடும்பன் அதில் இருந்தான்.